சனிக்கிழமை சொன்ன கோளாறு

ஹாலில் தம்பியைக் கிடத்தியிருக்க, அக்கா பின்பக்கத்து ஷெட்டில் உட்கார்ந்து அவனுடைய பொம்மைக் காரின் பிளக்கைக் கழற்றிக்கொண்டிருந்தாள். முழங்கை நீளம்தான் இருக்கும் அந்தக் கார். மேல்மூடியை எடுத்துவிட்டால் உள்ளே எலுமிச்சம்பழ அளவில் ஓர் இஞ்ஜின். நைட்ரோ எரிபொருள் ஊற்றி, கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்து, ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓட்டுவது. அது ஓடினால் தெருவே காதைப் பொத்திக்கொள்ளும்.

தம்பியின் மாமனார் ஷெட் வாசலில் எட்டிப் பார்த்தார்.

“இங்க என்னம்மா பண்றே? எல்லாரும் உன்னைத் தேடறாங்க.”

“வண்டி ஸ்டார்ட் ஆகலையாம் மாமா. பாக்கச் சொன்னான்.”

“யாரு?”

“உங்க மாப்பிள்ளைதான்.”

துக்க வீட்டில் யாருக்கு எப்போது புத்தி பேதலிக்கும் என்று யார் கண்டது என்பதுபோல் தலையை ஆட்டிக்கொண்டே அவர் உள்ளே போய்விட்டார். தம்பியின் மகள் வரும் விமானம் மூன்று மணிக்கு. அதுவரை சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர யாருக்கும் வேலையில்லை. அக்காவுக்கு அது வராது. இருபத்தாறு வருஷமாகப் புல்வெட்டும் மிஷினும் தண்ணீர் பம்பும் ரிப்பேர் பார்க்கிற கை, சும்மா இரு என்றால் கேட்குமா?

ஆனால் கை சும்மா இருக்காதது மட்டும் காரணமில்லை. சனிக்கிழமை காலை தம்பி போன் செய்திருந்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு முதல் போன்.

அந்த ஐந்து மாதமும் அக்காவின் வாயால் வந்த வினை. அவன் மனைவி வீட்டு விருந்து ஒன்றில் யாரோ, “உங்க தம்பி என்ன பண்றார்?” என்று கேட்டார்கள். “மூக்குக் கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறான். மிச்ச நேரத்துல பொம்மை கார் ஓட்டறான். ஐம்பத்திரண்டுதானே ஆகுது, வளந்ததும் பெரிய காரா ஓட்டுவான்” என்றாள். மேசையே சிரித்தது. தம்பியும்தான் சிரித்தான். மறுநாளிலிருந்து பேச்சை நிறுத்திவிட்டான். இரண்டு நாளில் வழிக்கு வருவான் என்று அக்கா இருந்தாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் அவளுக்கும் கிடையாது, அவனுக்கும் கிடையாது. அந்தக் குடும்பத்துக்கே கிடையாது.

“அக்கா, இஞ்ஜின் ஸ்டார்ட் ஆகல. வந்து பாக்கறியா?”

ஐந்து மாதம் நடுவில் இல்லாததுபோல்தான் அன்று போனில் கேட்டான். அவளும் அப்படியே பேசினாள்.

“பிளக்குல பொறி வருதான்னு பாரு மொதல்ல.”

“சரிக்கா.”

“கடையில நாலு மிஷினைப் பிரிச்சுப் போட்டிருக்கேன். நாளைக்கு வரேன்.”

“சரிக்கா. நாளைக்கு வா.”

ஞாயிறு விடிவதற்குள் நெஞ்சுவலி வந்து போய்ச் சேர்ந்துவிட்டான்.

அதனால் இந்த இஞ்ஜினில் ஏதாவது ஒரு கோளாறு இருந்தே தீர வேண்டும் என்று அக்கா வேண்டிக்கொண்டிருந்தாள். தொழிலில் இறங்கிய நாளிலிருந்து அவள் இப்படி வேண்டிக்கொண்டதில்லை. கோளாறு இருந்தால் அவன் கூப்பிட்டது மெக்கானிக்கை. மெக்கானிக் ஒரு நாள் தள்ளிப்போடுவது ஊர் உலகத்தில் உள்ளதுதான். கோளாறு இல்லையென்றால் அவன் கூப்பிட்டது அக்காவை.

பிளக் கையோடு வந்தது. அதன் அடியில் மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று இருந்தது. அதைச் சூடாக்குகிற பேட்டரிப் பிடியை மாட்டினாள். சுருள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றது. பிளக்கில் ஒரு குறையும் இல்லை.

இந்தப் பிளக்கில் பொறி வராது. கனலும், அவ்வளவுதான். இதைத் தம்பியே அவளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறான். “உன் புல்வெட்டி பிளக்கு வேற, இது வேறக்கா” என்று ஆரம்பித்தானானால் டீ ஆறிப்போனாலும் நிறுத்தமாட்டான். “மீனுக்கு நீச்சல் சொல்லித் தர்றியாடா” என்று அவள்தான் வாயை அடைக்க வேண்டும். சனிக்கிழமை அவள் பழக்க தோஷத்தில் பொறி வருகிறதா பார் என்றபோது அவன் திருத்தவில்லை. சரிக்கா என்றான்.

அக்கா பிளக்கை இன்னொரு தடவை கனல வைத்துப் பார்த்தாள்.

பிளக் துளைக்குள் இரண்டு சொட்டு எரிபொருள் விட்டு, பிளக்கையும் பேட்டரிப் பிடியையும் மாட்டி, கயிற்றை இழுத்தாள். இஞ்ஜின் ஒரு தடவை இருமிவிட்டு நின்றது. ஆக, எரிய வேண்டியது எரிகிறது. எரிபொருள்தான் உள்ளே வரவில்லை. புகைக்குழாயின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு மறுபடி இழுத்தாள். டேங்கிலிருந்து குழாயில் எரிபொருள் ஏறியது. கார்புரேட்டர் வரைக்கும் வந்து அங்கேயே நின்றுகொண்டது.

“அப்பாடா,” என்றாள் வாய்விட்டு. கோளாறு இருக்கிறது. ஒன்றரை நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது சற்று நகர்ந்து கொடுத்தது. மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டிருக்கிறான்.

குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தாள். அடைப்பு இல்லை. மிச்சம் இருந்தது கார்புரேட்டரின் ஊசித் திருகு. எரிபொருள் எவ்வளவு உள்ளே போகலாம் என்று தீர்மானிக்கிற திருகு அது. இரண்டரைச் சுற்றாவது திறந்திருக்க வேண்டும். சின்னத் திருப்புளியை வைத்து மூடுகிற பக்கம் திருப்பினாள். அசையவில்லை. ஏற்கெனவே முழுசாக மூடித்தான் இருந்தது.

அக்கா திருப்புளியைக் கீழே வைத்தாள்.

ஓடுகிற இஞ்ஜினின் அதிர்வில் திருகு தளரும். அப்படி எத்தனையோ மிஷின் அவள் கடைக்கு வந்திருக்கிறது. தானாக இறுகிக்கொண்ட திருகை அவள் இன்றுவரை பார்த்ததில்லை. யாரோ பொறுமையாகத் திருப்பி மூடியிருக்க வேண்டும். இந்த ஷெட்டுக்குள் அவனைத் தவிர யாரும் வருவதில்லை. லென்ஸை மயிரிழை பிசகாமல் தேய்க்கிறவனுக்கு இதில் கை பிசகவும் பிசகாது.

அவள் வந்தால் கண்டுபிடிக்க ஒரு கோளாறு வேண்டுமே என்று செய்து வைத்திருக்கிறான். அவள் வந்து தேடுவாள், கண்டுபிடிப்பாள், இதுகூடத் தெரியாம என்னடா பெரிய கார்க்காரன் என்று ஏசுவாள், அவன் தலையைச் சொறிவான். சண்டை என்று ஒன்று இருந்ததாகவே யாரும் சொல்ல வேண்டியிருக்காது.

“திருட்டுப் பயலே,” என்றாள்.

ஹாலில் அவன் முகத்தைப் பார்த்தபோது வராத அழுகை அப்போது வந்தது. பிரித்துப் போட்ட நாலு மிஷினும் இன்னும் பிரித்தபடியேதான் கிடக்கின்றன. அன்றைக்கே வந்திருக்கலாம். பத்து நிமிஷ நடை. அழுது தீர்ந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஊசித் திருகை இரண்டரைச் சுற்றுத் திறந்தாள். குழாயை மாட்டினாள். கயிற்றை இழுத்தாள். இரண்டாவது இழுப்பில் இஞ்ஜின் பிடித்துக்கொண்டது.

ஷெட்டுத் தகரம் அதிர்ந்தது. வீட்டுக்குள் பேச்சுச் சத்தம் நின்றது. தம்பியின் மனைவி பின்வாசல் வழியாக ஓடி வந்தாள். அந்தச் சத்தத்துக்கு அவள் முகம் ஒரு கணம் அவனே உள்ளே இருப்பதுபோல் மலர்ந்திருந்தது. பெஞ்சுக்குப் பக்கத்தில் அக்காவைப் பார்த்ததும் நடை தளர்ந்தது.

“சரியாயிடுச்சா அண்ணி?”

“ம்.”

“என்ன கோளாறு?” குரலை உயர்த்தித்தான் கேட்க வேண்டியிருந்தது.

“ஒரு திருகு மூடியிருந்துச்சு. அவ்வளவுதான்.”

“அவ்வளவுதானா? சனிக்கிழமை சாயங்காலம் பூரா இதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தார். நான் வேணா வேற யாரு கடையிலயாவது குடுத்துட்டு வரட்டுமான்னேன். வேணாம், அக்கா வரட்டும், அவளுக்குத்தான் இது தெரியும்னார்.”

அக்கா இஞ்ஜினையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமாம்மா,” என்றாள். “எனக்குத்தான் தெரியும்.”

வண்டி நின்ற இடத்திலேயே நடுங்கிக்கொண்டிருந்தது. நிறுத்த வேண்டுமானால் புகைக்குழாயின் வாயை ஒரு துணியால் அடைத்தால் போதும். துணி பெஞ்சின் மேலேயே, கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. இருவரில் யாரும் அதை எடுக்கவில்லை.