துண்டுக்குள் ஓர் ஈரல் பேரம்

ஆட்டு ஈரல் கிலோ எண்ணூறு. தன் சொந்த ஈரலுக்குத் தரகர் நல்லதம்பி போட்டிருந்த விலை இரண்டாயிரம். கிலோவுக்கு அல்ல, மொத்தமாக.

அவருக்கு ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி. டவுன் ஆஸ்பத்திரியில் மாத்திரை இலவசம்தான். ஆனால் ஈரல் டாக்டர் உட்காருவது வெள்ளிக்கிழமை; ஆட்டுச்சந்தை கூடுவதும் வெள்ளிக்கிழமை. போனால் தரகு இரண்டாயிரம் போச்சு. உடம்பில் வலியும் கிடையாது. ஆகவே இரண்டு மாதமாக மாத்திரையும் கிடையாது.

அன்று அவர் ஊரான வல்லத்திராக்கோட்டையின் சுகாதார நிலைய நர்ஸ் சந்தனமேரி சந்தைக்கே வந்து நின்றார்.

"மாத்திரைய நிறுத்திட்டீங்களாமே? திடுதிப்புன்னு நிறுத்தினா உயிருக்கே ஆபத்துன்னு சொன்னேனா இல்லையாண்ணே?"

"மெதுவா சிஸ்டர்! துண்டுக்குள்ள வெரலப் பிடிச்சு வெல பேசுறதுதான் என் பொழப்பு. இது தெரிஞ்சா எவன் கை குடுப்பான்?"

"கையத் தொட்டா ஒட்டாதுண்ணே."

"எனக்குத் தெரியும். இவனுகளுக்குத் தெரியணுமே."

சந்தனமேரி அவர் தோள் துண்டை உருவித் தன் கைமேல் போட்டுக்கொண்டார். "அப்பத் துண்டுக்குள்ளயே பேசுவோம்."

வாராவாரம் நல்லதம்பியிடம் ஆடு பிடிக்கும் கறிக்கடை முகம்மது சுல்தான் எட்டிப் பார்த்தார். "என்ன சிஸ்டர், கெடாவா?"

"கெடாதான் பாய். வயசு நாப்பத்தாறு. சொன்ன பேச்சுக் கேக்காது."

சுற்றி நின்றவர்கள் சிரித்து முடிப்பதற்குள் நல்லதம்பி உள்ளே மூன்று விரலைப் பிடித்தார். "மூணு மாச மாத்திரை. நம்ம ஊருலயே. வெள்ளிக்கெழம ஆகாது," என்று முணுமுணுத்தார்.

சந்தனமேரி ஒரு விரலை மடக்கினார். "ரெண்டு மாசம். செவ்வாக்கெழம, நம்ம ஊரு சுகாதார நிலையத்துல. டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் வந்திருக்கேன். ஆனா வீட்டுல மூணு பேருக்கும் இது இருக்கான்னு ரத்தம் பாக்கணும்."

"மூணா? ஒண்ணு கொறைங்க."

"யாரக் கொறைக்கட்டும்? அண்ணியவா?"

நல்லதம்பி துண்டுக்குள் அவர் கையை அழுத்தினார். பேரம் படிந்தது.

செவ்வாய்வரைக்கான மாத்திரை டப்பாவைச் சந்தனமேரி கைமாற்றும்போது துண்டு நழுவியது. வெள்ளை டப்பா உருண்டு போய் சுல்தான் காலடியில் நின்றது. அவர் எடுத்தார், மேலே ஒட்டியிருந்த மாத்திரைப் பெயரை நிதானமாகப் படித்தார். நல்லதம்பி டப்பாவைப் பிடுங்கக் கை நீட்டினார்.

சுல்தான் டப்பாவை நல்லதம்பியின் சட்டைப் பையில் செருகினார். பிறகு சந்தனமேரியின் கையில் தொங்கிய அதே துண்டுக்குள் தன் கையை விட்டார்.

"சிஸ்டர், இதே மாத்திரைய மூணு வருசமாத் திருச்சில ஒளிஞ்சு ஒளிஞ்சு காசு குடுத்து வாங்குறேன். எனக்கென்ன வெல சொல்றீங்க?"

அன்று சந்தனமேரி பேசிய பேரம் இரண்டு, படிந்தது இரண்டு, கைமாறிய ஆடு ஒன்றுமில்லை. செவ்வாய்க்கிழமை சுல்தான் வந்தார், நல்லதம்பி வந்தார், அவர் மகள் காவ்யாவும் மகன் ஆனந்தராஜும் ரத்தம் கொடுத்தார்கள். ஊசியைக் கண்டதும் பின்வாசல் வழியாக நழுவிப் பஸ் ஏறிவிட்ட அண்ணி அழகம்மாள் மட்டும் பாக்கி.