படகின் அடியில் தேங்கிய கேஸ்

மாமனாரை மருமகன் எதிர்த்துப் பேசக் கூடாது என்று எந்தப் புண்ணியவான் ஏற்படுத்தி வைத்தானோ தெரியாது. அவன் ஒரு நாளும் படகில் கேஸ் அடுப்பு மூட்டியிருக்க மாட்டான்.

மனோகரன் கத்தாரிலிருந்து லீவில் வரும்போது மீனைக் கம்பிமேல் வைத்து வாட்டுகிற அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்திருந்தான். அதைப் பார்த்த நாளிலிருந்து அவன் மனைவி சுவேதாவின் அப்பா காயாரோகணத்துக்குத் தலைகால் புரியவில்லை. கடலிலேயே பிடித்து, கடலிலேயே வாட்டி, மாப்பிள்ளையோடு உட்கார்ந்து தின்ன வேண்டும். மழை விட்ட மறுநாள் காலை, ஒரு குட்டி சிலிண்டரோடு தன் சின்னப் பாய்ப்படகை வேளாங்கண்ணிக் கரையில் தள்ளிவிட்டார்.

"சிலிண்டர் வெளியில, பின்பக்கமா இருக்கட்டும் மாமா. ஒழுகுனாலும் காத்துல போயிரும்" என்று மனோகரன் சொல்லத்தான் செய்தான்.

"உப்புத்தண்ணி அடிச்சு துரு ஏறிரும் மாப்ள."

வலையையும் இன்ஜினையும் உப்பிலிருந்து காப்பாற்றியே ஆயுளைக் கழித்த மனிதர். சிலிண்டரைச் சாக்கில் சுற்றி, பலகையைத் தூக்கி, மீன் போடும் அடிப்பள்ளத்தில் பச்சைப்பிள்ளை மாதிரி படுக்க வைத்தார். பெண் கொடுத்தவரிடம் அதற்கு மேல் பேசுவது மரியாதை இல்லை.

கரை மறைந்து மாதா கோயில் கோபுரம் மட்டும் வெள்ளையாகத் தெரிந்த தூரத்தில் காற்று விழுந்துவிட்டது. பாய் துவண்டு தொங்கியது. இன்ஜினைத் தட்டலாம் என்று மாமா எழுந்தபோது மனோகரனின் மூக்கில் அந்த நாற்றம் குப்பென்று ஏறியது.

"மாமா, தொடாதீங்க!"

பலகையைத் தூக்கினான். அலையில் உருண்டு இடித்ததில் திருகு இளகி, சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. இறுக்கி மூடி, தூக்கிக் கடலிலேயே எறிந்தான். ஆனால் ஒழுகியது ஒழுகியதுதான். வீடாக இருந்தால் கதவைத் திறந்துவிடலாம். படகுக்கு ஏது கதவு? இந்த கேஸ் காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி அடியில் போய்த் தேங்கிக்கொள்ளும். ஒரு பொறி பட்டால் போதும், எல்லாம் முடிந்தது.

"இன்ஜின், போன், தீப்பெட்டி எதையும் தொடக் கூடாது மாமா. வாளியால அள்ளி வெளியில கொட்டணும்."

"எதை அள்ள? உள்ள ஒண்ணுமே இல்லையே?"

"கேஸைத்தான் மாமா."

வெயில் தலைக்கேறிவிட்டதோ என்பதுபோல் காயாரோகணம் அவனைப் பார்த்தார். ஆனாலும் வாளியை எடுத்தார். இரண்டு பேரும் குனிந்து வெறும் பள்ளத்தில் மொண்டு மொண்டு கடலில் கவிழ்த்தார்கள். எவ்வளவு போனது, எவ்வளவு மிச்சம் என்று யார் கண்டது?

அந்த நேரம் பார்த்தா கிழக்கேயிருந்து சிங்காரவேலு கரைக்குத் திரும்ப வேண்டும்? பக்கத்துத் தெருக்காரர். வாயில் பீடி இல்லாமல் அவரை அவர் பெண்டாட்டிகூடப் பார்த்ததில்லை. நின்றுபோன படகில் இரண்டு பேர் விழுந்து விழுந்து இறைத்தால், பார்க்கிறவர்கள் படகு மூழ்குகிறது என்றுதான் நினைப்பார்கள். தீராத பகையாளியாக இருந்தாலும் இந்தக் கரையில் எவனும் பார்த்துக்கொண்டு போக மாட்டான். சிங்காரவேலு படகைத் திருப்பி முழு வேகத்தில் வந்தார்.

"வராதீங்கண்ணே! வராதீங்க!"

அந்த இன்ஜின் சத்தத்தில் என்ன கேட்கும்? கையை ஆட்ட ஆட்ட அவர் வேகத்தைக் கூட்டினார். அந்தப் பீடியும் அந்த இன்ஜினும் பக்கத்தில் வந்து சேர்ந்தால் மூன்று பேருமே மிஞ்சப் போவதில்லை.

"நான் நீந்திப் போயி மறிக்கிறேன் மாமா. நீங்க அசையாம இருங்க." மூட்டு ஆபரேஷன் செய்த மாமாவால் நீந்த முடியாது. பதிலுக்குக் காத்திராமல் மனோகரன் குதித்தான்.

வயல்களை வடித்துக்கொண்டு வந்த ஆற்றுவெள்ளம் கடலுக்குள்ளும் கலங்கலாக ஓடிக்கொண்டிருந்தது. அது அவனை ஒரு பக்கமாக இழுத்தது. சிங்காரவேலுவின் கண்ணோ மூழ்குகிற படகின் மேலேயே இருந்தது. தன் படகு மனோகரனை உரசுகிற மாதிரி தாண்டியபோதுதான் தண்ணீரில் அந்தத் தலையைப் பார்த்தார். பதறிப்போய் இன்ஜினை நிறுத்தி, பீடியைத் துப்பிவிட்டுக் கையை நீட்டினார். மனோகரன் அதைப் பற்றிக்கொண்டு, தப்பித்தோம் என்று மூச்சு விட்டான்.

ஆனால் அவனுக்கும் மாமாவுக்கும் இடையில் சிங்காரவேலுவின் படகு நின்றது. காயாரோகணம் நின்ற இடத்திலிருந்து பார்த்தால், அது மாப்பிள்ளையின் தலைமேலேயே ஏறி நின்றதாகத்தான் தெரிந்திருக்கும்.

"மாப்ள!" சத்தம் அடங்கிய கடலில் அவர் குரல் தெளிவாகக் கேட்டது. "மனோகரா! வந்துட்டேன்டா!"

மனோகரன் படகு விளிம்பைப் பிடித்து எம்பி அந்தப் பக்கம் பார்த்தான். மாமா இன்ஜினிடம் குனிந்துகொண்டிருந்தார்.

"மாமா, வேணாம்! நான் இருக்கேன்! மாமா!"

அவன் கத்தி முடிப்பதற்குள் படகு வெடித்தது.

சிங்காரவேலு அந்த நெருப்பை நெருங்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தார். மனோகரன் நனைந்த துணியோடு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். செய்வதற்கு ஒன்றும் இல்லை. மாமா மறந்துபோய்த் தொட்டாரா, தெரிந்தே தொட்டாரா? அதை இனி யாரிடம் கேட்பது? சுவேதா கேட்டால், மறந்துவிட்டார் என்றுதான் சொல்ல வேண்டும்.