கண்ணனின் சுண்டுவிரல்

அம்மா வரைகிற கண்ணனுக்கெல்லாம் இடது காலில் ஒரே குறை. சுண்டுவிரல் பக்கத்து விரலின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும். யசோதை மடியில் கிடந்தாலும் சரி, வெண்ணெய்ப் பானைக்கு எக்கினாலும் சரி, அந்த விரல் இறங்காது. தங்கரேக்கும் கல்லும் பிசகாமல் பதிக்கிற கை, இதில் மட்டும் கோட்டை விடுகிறதே என்று மகளுக்கு எரிச்சல். கேட்டால், "அவன் அப்படித்தான்" என்று ஒரே பதில்.

இந்த முறை யசோதையும் கண்ணனுமாகப் படம் கேட்டவர் பாதி வேலையில் பார்க்க வந்து, "சாமி கால்ல ஊனமா?" என்று முகம் சுளித்துவிட்டார். அம்மா கண் ஆபரேஷனுக்குப் போயிருந்தாள். இதுதான் சமயம் என்று மகள் அந்த விரலைச் சுரண்டி, நேராக்கி, நீலம் பூசினாள். அச்சு அசல் அம்மா கை வேலை. தன் முதுகைத் தானே தட்டிக்கொள்ளாத குறைதான்.

கட்டுப் பிரித்த கண்ணோடு வந்த அம்மா, யசோதையை ஏறிட்டும் பார்க்கவில்லை. நேரே கண்ணனின் பாதத்தில் குனிந்தாள்.

"அவன் கால என்னடி பண்ணின?"

"கோணலா இருந்துச்சும்மா. சரி பண்ணிட்டேன். நல்லா இருக்கா?"

பளாரென்று விழுந்தது அறை. சாயக் கிண்ணம் உருண்டு ஓடியது. கைநீட்டியே அறியாதவள்! மகளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அது உங்க அண்ணன் காலுடி!"

"எந்த அண்ணன்?" ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்தவள் அவள்.

"உனக்கு முன்னாடி பொறந்தவன். பால்குடி மறக்கறதுக்குள்ள காய்ச்சல்ல போயிட்டான். ஒரு போட்டோகூட இல்ல. அவன் முகமே மறந்துபோச்சுடி எனக்கு. பெத்தவ சொல்ற பேச்சா இது? கண்ண மூடினா அந்த விரல் மட்டும்தான் வருது. அதையும் சுரண்டிட்டியே!"

மகள் அந்தப் பாதத்தைப் பார்த்தாள். எத்தனை வீட்டுப் பூஜை அறைகளில் ஊரார் விழுந்து கும்பிட்ட கால், அவள் அண்ணனுடையது! அதைத்தான் இத்தனை வருஷமும் குறை, குறை என்று அம்மா காதுபடவே முணுமுணுத்திருக்கிறாள்.

படம் கேட்டவர் வேண்டாமென்றால் போகட்டும். தான் பூசிய நீலத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு, தூரிகையை அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை வாங்கவில்லை. மகளின் கையைப் பிடித்து, அவள் சுண்டுவிரலை அடுத்த விரலின் மேல் ஏற்றி வைத்தாள்.

"இப்படி," என்றாள். "அவன் பால் குடிக்கிறப்போ இதத்தான் பிடிச்சுக்கிட்டே இருப்பேன்."