பால்வெட்டிய தடம்

கணவர் இறந்ததிலிருந்து ஐந்தாறு வருடமாக அவள் ரப்பர் தோட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அன்று காலை கொழுந்தனோடும், களை வெட்டும் இயந்திரத்தைத் தோளில் மாட்டிய ஆளோடும் படலைத் திறந்தபோது அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. தோட்டம் இருந்த இடத்தில் காடு நின்றது.

அவர் இருந்தவரை கூடத்தைப் பெருக்குவதுபோல அந்தத் தரையை வைத்திருப்பார். விடியுமுன் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அவர் பட்டையைச் சீவிக்கொண்டே போவார். அவள் பின்னாலேயே பால் கிண்ணங்களைத் துடைத்து வைத்துக்கொண்டு வருவாள்.

"சத்தம் போடாத, மரம் பாலை உள்ள இழுத்துக்கும்" என்பார்.

"நீங்க பாடுற பாட்டுக்கு அது எப்பவோ வத்திப் போயிருக்கணுமே!"

அவரைத்தான் திரும்பக் கொண்டுவர முடியாது. அவர் வைத்திருந்த மாதிரி தோட்டத்தையாவது மீட்டுவிட வேண்டும். அதற்குத்தான் ஆளைக் கூட்டி வந்திருந்தாள்.

"அண்ணி, இதுல ரப்பரைத் தேடவே தனியா ஆள் விடணும் போல. மொத்தமா மொட்டை அடிச்சிடலாம்" என்றான் கொழுந்தன்.

"ரப்பர்ல கத்தி படக் கூடாது. வரிசையை நான் காட்டுறேன்" என்று அவள் முன்னால் நடந்தாள்.

முதல் மரம் நின்றது. பழைய வெட்டுகள் ஆறித் தடித்திருந்தன. அடுத்ததும் நின்றது. அதற்கடுத்தது நிற்கவில்லை. காற்றில் விழுந்து உளுத்துக் கிடந்தது. ஆனால் அது நின்ற இடத்தைச் சுற்றிக் காட்டு மரக்கன்றுகள் கூட்டமாக எழும்பியிருந்தன. திரும்பிப் பார்த்தாள். நிற்கும் மரங்களின் அடியிலும் அதே கூட்டம். இடையில் வெறும் கொடியும் புல்லும்தான்.

"ஐயோ, அண்ணி! புதுச் சட்டை!"

கொழுந்தன் தோளில் ஊதா நிறத்தில் எச்சம் வழிந்தது. நடுவில் ஒரு விதை. மேலே ரப்பர் கிளையில் குருவி ஒன்று ஒன்றும் தெரியாததுபோல உட்கார்ந்திருந்தது.

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அந்த விதையையே பார்த்தாள். எங்கோ பழம் தின்றுவிட்டுப் பறவைகளெல்லாம் அவருடைய மரங்களில்தான் வந்து உட்கார்ந்து, அடியில் விதையைப் போட்டிருக்கின்றன. மரம் விழுந்தாலும் அது நின்ற இடத்தைக் கன்றுகள் பிடித்து வைத்திருக்கின்றன. இவற்றை வெட்டினால் வரிசையே போய்விடும்.

இயந்திரம் உறுமத் தொடங்கியது. அவள் பதறிப்போய்க் கையை ஆட்டினாள்.

"நிறுத்துங்கப்பா! கன்னு எதையும் தொடாதீங்க."

"என்ன அண்ணி இது? அண்ணனுக்கு ஒரு புல் இருந்தாலே ஆகாது. இதைப் பார்த்தா எழுந்து வந்துடுவார்."

"வரட்டுமே" என்றாள்.

கொழுந்தன் சட்டையைத் துடைத்துக்கொண்டான்.

"அப்ப என் கூலி?" என்றார் இயந்திரக்காரர்.

"வேலை இருக்கு. ஒரு ஆள் நடக்குற அகலத்துக்குப் புல்லை மட்டும் வெட்டுங்க. இந்த வரிசையில போய் அடுத்த வரிசையில திரும்பி வரணும். அவர் பால் வெட்டுன வழி அது."

"பாம்பு மாதிரி வளைஞ்சு வளைஞ்சா? நேரா போட்டா சீக்கிரம் முடியும்க்கா."

"எனக்கு என்ன அவசரம்?"

அவள் வழிகாட்டிக்கொண்டு போனாள். ஒவ்வொரு மரத்தடியிலும் கால் தானாக நின்றது. வரிசை முடிந்த இடத்தில் வலப்பக்கம் திரும்பக் கை காட்டினாள். அந்தப் பக்கம் ரப்பர் ஒன்றுகூட மிஞ்சவில்லை. கன்றுகள் அவள் தலைக்கு மேல் வளர்ந்து, மரங்கள் நின்ற அதே வரிசையில் கூட்டம் கூட்டமாக நின்றன.