கைதட்டி நிறைவேறிய தீர்மானம்

சங்கக் கூட்டத்தில் கைதட்டியதுதான் சயந்தினி செய்த பிழை.

இத்தாலியில் உள்ள பலெர்மோத் தமிழர் நலன்புரிச் சங்கத்தில் வாக்கெடுப்பு என்று ஒன்று நடந்ததே கிடையாது. தலைவர் கோபாலசிங்கம் எழும்பிப் பேசுவார். பேசி முடிந்ததும் சனம் கைதட்டும். உடனே செயலாளர் 'தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது' என்று கொப்பியில் எழுதிவிடுவார். பேசிய மனிதருக்குக் கைதட்டாமல் இருக்க எங்கள் சனத்துக்கு வராது. கலியாண வீட்டில் கறி கருகிப்போயிருந்தாலும் 'நல்ல சாப்பாடு' என்று சொல்லிவிட்டு வெற்றிலை எடுக்கிற ஆட்கள் நாங்கள்.

அன்றைக்கும் அப்படித்தான் நடந்தது. 1993ஆம் ஆண்டு, வைகாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. பல்லரோச் சந்தைக்குப் பின்னால் பாதிரியார் ஒருவர் இரவல் தந்த மண்டபம். யாழ்ப்பாணத்துக்குள் மண்ணெண்ணெய் போகக்கூடாது, பற்றறி போகக்கூடாது, சவர்க்காரம் போகக்கூடாது என்று கொழும்பு அரசாங்கம் தடை போட்டு மூன்று வருசமாகியிருந்தது. மருந்தும் எண்ணித்தான் போனது. கோபாலசிங்கம் மொண்டெல்லோக் கடற்கரையில் உணவகம் ஒன்றில் தட்டேந்துகிறவர். வாயைத் திறந்தாரென்றால் கல்லும் கரையும்.

"நாங்கள் வாங்கிற ஒவ்வொரு தேயிலைப் பக்கற்றும் எங்கடை சனத்தின்ரை தலையிலை குண்டாய் விழுகுது" என்றார். "அவன் எங்களுக்குத் தடை போட்டால், நாங்கள் அவனுக்குத் தடை போடுவம். இண்டையிலை இருந்து கொழும்புச் சாமான் ஒண்டும் வாங்கிறேல்லை. கொழும்பாலை ஒரு பொதியும் அனுப்பிறேல்லை."

சயந்தினி எழும்பி நின்றாள். உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டினாள். கடைசியில் சொன்ன வசனம் காதில் விழுந்தது, மண்டைக்குள் ஏறவில்லை.

ஏறியது அடுத்த நாள் பின்னேரம், அருளையா அவளுடைய பிஸ்கற் தகரத்தைத் திருப்பிக் கொண்டுவந்தபோது.

அருளையா ஒரு மாடிக்கட்டடத்தின் வாசல் காவல்காரர். வருசம் ஒருமுறை ஊர்ப் பக்கம் போவார். போகும்போது பலெர்மோச் சனத்தின் சின்னச் சின்னப் பொதிகளைக் கொழும்பில் கொண்டுபோய்ச் சேர்ப்பார். அங்கிருந்து அவை ஆள்மாறி ஆள்மாறி, வவுனியா தாண்டி, கிளாலியில் வள்ளம் ஏறி யாழ்ப்பாணம் போகும். அடுத்த திங்கட்கிழமை அவருக்குப் பயணம்.

"குறை நினையாதையும் பிள்ளை. சங்கம் சொல்லிப்போட்டுது."

"அண்ணை, இது மருந்து. தங்கச்சிக்கு."

"எனக்குத் தெரியாதே? ஆனால் நீரும் கைதட்டினனீர்தானே. நான் பாத்தனான்."

சொல்லிவிட்டு அவர் படியிறங்கிப் போனார். தகரத்துக்குள் இருந்தது வாயில் வைத்து மருந்து இழுக்கிற மூன்று பம்புகள். அவளுடைய தங்கை துஷாந்திக்குச் சின்ன வயதிலிருந்தே தொய்வு வருத்தம், மூச்சு முட்டும். கரவெட்டியிலிருந்து வந்த கடைசிக் கடிதத்தில், 'அக்கா, ஒரு பம்புதான் மிச்சம். உதடு நீலமானால் மட்டும்தான் இழுக்கிறேன்' என்று எழுதியிருந்தாள். சயந்தினி தகரத்தைக் கட்டிலில் வைத்துவிட்டுத் தன் இரண்டு கையையும் பார்த்தாள். இந்தக் கை தட்டாமல் இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

சயந்தினி ஊரில் ஆங்கில ரீச்சர். இங்கே சிஞ்ஞோரா கத்தரீனா என்கிற இத்தாலிய அம்மாவின் வீட்டில் நிலம் துடைக்கிறாள். ஆனால் துடைத்து முடிந்தபிறகு அவளுக்கு இன்னொரு வேலை இருந்தது. சிஞ்ஞோரா பல்கலைக்கழகத்தில் அமெரிக்கச் சரித்திரம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். கண்ணில் பூ விழுந்து எழுத்துத் தெரிவதில்லை. எழுதிக்கொண்டிருக்கிற புத்தகத்தையோ விடுகிறதாய் இல்லை. அதனால் பழைய ஆங்கிலத் துண்டுப்பிரசுரங்களின் பிரதிகளைத் தினமும் இரண்டு மணித்தியாலம் சயந்தினி வாசித்துக் காட்ட வேண்டும்.

எல்லாம் 1808ஆம் வருசத்துச் சண்டை. இங்கிலாந்தும் பிரான்சும் அமெரிக்கக் கப்பல்களைப் பிடித்துத் தொல்லை கொடுத்தன. போருக்குப் போகாமல் அவர்களைப் பணிய வைக்கிறேன் என்று அமெரிக்க சனாதிபதி தன் நாட்டுக் கப்பல்களையே வெளியே போகவிடாமல் துறைமுகத்தில் கட்டிப்போட்டார். அமெரிக்கச் சட்டசபையில் ஒரு பகுதி ஆகா என்றது, மறுபகுதி ஐயோ என்றது. வெளியே ஊரெல்லாம் துண்டுப்பிரசுரம் பறந்தது. சனாதிபதி செய்தது சரி என்று நிறுவுவதுதான் சிஞ்ஞோராவின் புத்தகம்.

இவ்வளவு நாளும் சயந்தினி அதைக் கிளிப்பிள்ளை மாதிரி வாசித்தாள். செவ்வாய்க்கிழமை வாசித்தது ஒரு மீன்பிடி ஊர்ச் சனம் தங்கள் சபைக்கு எழுதிய மனு. எங்கள் வள்ளங்கள் கரையில் உளுத்துப்போகின்றன, பட்டினி கிடப்பது இங்கிலாந்து இல்லை, எங்கள் பிள்ளைகள் என்று இருந்தது. பாதியில் அவளுடைய குரல் நின்றது.

"ஏன் நிறுத்தினாய்?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

"நீங்கள் நினைக்கிறது பிழை, சிஞ்ஞோரா."

"போரைவிட அது நல்லதில்லையா? ஒரு குண்டுகூட விழவில்லையே."

"மூன்று வருசம் சவர்க்காரம் இல்லாமல் இருந்து பார்த்துவிட்டு அதை எழுதுங்கள்."

ஏழு வருசத்தில் அவள் அந்த வீட்டில் அப்படிப் பேசியதில்லை. சிஞ்ஞோரா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். பிறகு, "எனக்குக் கண்தான் தெரியாது, காது கேட்கும். சத்தம் போடாமல் மிச்சத்தை வாசி" என்றார்.

சயந்தினி வாசித்தாள். மற்றப் பிரதிகளையும் ஒவ்வொன்றாய் எடுத்து அடியைப் பார்த்தாள். 'ஒரு குடிமகன்', 'நாட்டின் நண்பன்' என்றுதான் இருந்தது.

"இதுகளை எழுதினவர்கள் பெயரே போடவில்லையே?"

"போட்டிருந்தால் வீட்டு யன்னல் கண்ணாடி மிஞ்சியிருக்காது" என்றார் சிஞ்ஞோரா.

பெயரில்லாத எழுத்து சயந்தினிக்குப் புதிதா என்ன? மொட்டைக் கடிதத்தில் எங்கள் சனத்தை யார் வெல்ல முடியும்? கலியாணம் குழப்ப ஒன்று, உத்தியோகம் மாற்ற ஒன்று என்று எழுதிக் குவித்தவர்கள் நாங்கள். எழுதுகிறவன் ஒளிந்துகொள்ளலாம். வாசிக்கிறவனும், 'ஆரோ விசரன் எழுதினது' என்று கசக்கிப் போடலாம். மொட்டைக் கடிதம் போட்டு அருளையாவின் மனத்தை மாற்ற முடியாது என்று அவளுக்கு விளங்கியது. பெயர் போட்டால் தனக்குத் துரோகி என்ற பட்டம் வரும் என்பதும் விளங்கியது. அந்தக் காலத்தில் அது லேசான பட்டமில்லை. ஒருமுறை ஒட்டினால் உரிக்க முடியாது.

அவள் எழுதினாள். ஒரே பக்கம், முத்து முத்தான கரும்பலகை எழுத்து. பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்துக் கடையில் நூறு பிரதி எடுத்தாள்.

'தேயிலையை நிறுத்துங்கள், நானும் நிறுத்துகிறேன். பிஸ்கற்றை நிறுத்துங்கள், நானும் நிறுத்துகிறேன். பொதியை நிறுத்தாதீர்கள். நூற்று எண்பத்தைந்து வருசத்துக்கு முன்னம் அமெரிக்கா எதிரியை வெல்லத் தன் கப்பல்களையே கட்டிவைத்தது. எதிரி பட்டினி கிடக்கவில்லை, சொந்த மீனவர்தான் கிடந்தார்கள். பதினைந்து மாதத்தில் சட்டம் போட்ட சபையே அதை எடுத்தது. எதிரிக்குச் சகுனப் பிழையாக மூக்கை அறுப்பது என்று எங்களிலும் ஒரு கதை உண்டு. அந்தக் கதையில் அறுபடுவது தன் மூக்கு. நாங்கள் பலெர்மோவில் இருந்துகொண்டு கரவெட்டியில் இருக்கிற என் தங்கையின் மூக்கை அறுக்கிறோம். போன கிழமை நானும் கைதட்டினேன். அந்தக் கைதட்டலைத் திருப்பி எடுக்கிறேன்.'

அடியில் தன் முழுப் பெயரை எழுதினாள். விலாசத்தை எழுதினாள். 'பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு வீட்டில் நிற்பேன்' என்றும் எழுதினாள். ஏச வருகிறவன் கதவைத் தட்டிவிட்டு வெறுங்கையோடு திரும்பக்கூடாது அல்லவா?

ஞாயிற்றுக்கிழமை காலை எங்கள் சனம், பலெர்மோவைக் காக்கிற கத்தோலிக்கப் புனிதை சாந்தா ரொசாலியாவின் மலைக்கு நடந்து ஏறும். சைவக்காரரும் ஏறுவோம். கேட்டதைத் தருகிறவளிடம் சமயம் பார்த்து என்ன பயன்? சயந்தினி முதல் வளைவில் ஒரு கையில் பிரசுரமும் மறு கையில் பிஸ்கற் தகரமுமாக நின்றாள். சிலர் வாங்கினார்கள். சிலர் நெருப்பைக் கண்டதுபோல விலகிப் போனார்கள். விலகிப் போன ஒரு பெண், பத்து அடி போய்த் திரும்பி வந்து ஒன்றைப் பறித்துக்கொண்டு போனாள்.

மேலே குகைக் கோயில் முற்றத்தில் கோபாலசிங்கம் அவளுக்காகக் காத்துக்கொண்டிருந்தார். கையில் அந்தத் தாள்.

"என்ன தங்கச்சி இது? சங்கத்துக்கை கதைச்சிருக்கலாமே."

"சங்கத்துக்கை நீங்கள் மட்டும்தானே அண்ணை கதைக்கிறியள்."

"ஏகமனதாய் முடிஞ்ச விசயம். கைதட்டினாப் பிறகு என்ன கதை?"

"அப்ப இன்னொருக்கால் கேளுங்கோ. இஞ்சை எல்லாரும் நிக்கினம். கேட்டுப்போட்டு எனக்கு என்ன பேர் வைக்கிறதெண்டாலும் வையுங்கோ."

கோபாலசிங்கம் பயந்தவர் இல்லை, கெட்டவரும் இல்லை. சால்வையைச் சரிசெய்துகொண்டு படியில் ஏறினார். சனம் தானாகவே கூடியது. பேசினார். குண்டுவீச்சில் செத்துப்போன தன் தம்பியைப் பற்றிப் பேசினார். அவனுடைய செருப்பு ஒன்றுதான் கிடைத்தது என்று சொன்னபோது அவருடைய குரலே உடைந்தது. முன்னால் நின்ற பெண்கள் அழுதார்கள். சயந்தினியும் அழுதாள். அழுதுகொண்டே, பழக்கதோசத்தில் தட்டப்பார்த்த கைகளைத் தகரத்தின் மேல் அழுத்திப் பிடித்தாள்.

"ஆனபடியால் என்ரை உறவுகளே, தீர்மானம் தீர்மானந்தான்" என்று முடித்துவிட்டு, வழக்கம்போல அவர் இரண்டு கைகளையும் உயர்த்திக் காத்திருந்தார். செயலாளர் கொப்பியைத் திறந்தார்.

குகைக்குள் பாறையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. கோபாலசிங்கத்தின் மனைவி செல்வமலர் கையை மெல்ல உயர்த்தினாள். சனம் அவளைப் பார்த்தது. அவள் அந்தக் கையால் கண்ணைத் துடைத்துவிட்டு முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். அவளுடைய தாயும் ஊரில்தான் இருந்தாள்.

ஒருவரும் தட்டவில்லை. செயலாளர் பேனையைப் பிடித்தபடி கோபாலசிங்கத்தைப் பார்த்தார். கோபாலசிங்கம் உயர்த்திய கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்று, பிறகு மெதுவாக இறக்கினார். அதைப் பார்க்கச் சயந்தினிக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் தலை குனியவில்லை.

கூட்டத்தின் பின்னாலிருந்து அருளையா வந்தார். அவள் முன்னால் நின்று இரண்டு கைகளையும் நீட்டினார்.

"தாரும் பிள்ளை. நாளைக்கு விடியப் பயணம்."

"சங்கம் என்ன சொல்லுமோ, அண்ணை?"

அருளையா தகரத்தை வாங்கிக் கக்கத்தில் இடுக்கினார்.

"ஒருத்தரும் கைதட்டேல்லையே" என்றார்.