தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அந்தப் பயணத்தில் யாரும் யாரையும் விரட்டக் கூடாது என்று புஷ்பவள்ளி முன்கூட்டியே சட்டம் போட்டிருந்தாள். பாயான் பாருவில் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த எலக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஒன்பது வருடமாக மணியடித்தால் எழுந்து, மணியடித்தால் சாப்பிட்டு, மைக்ராஸ்கோப்பில் கண்ணை நட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் அவள். 1986-இல் ஹரி ராயா நோன்புப் பெருநாளுக்கு ஃபேக்டரியை முழுசாக ஒரு வாரம் மூடப்போகிறார்கள் என்று நோட்டீஸ் ஒட்டிய அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். பட்டர்வொர்த்தில் ரயில் ஏறி சயாம் என்கிற தாய்லாந்துக்குப் போவது, சொங்க்லா கடற்கரையில் ஓர் ஓட்டலில் நான்கு நாள் கிடப்பது. கோயில் குளம் கிடையாது, சொந்தக்காரர் வீடு கிடையாது. ஐந்து வயது லோகாவும் இரண்டு வயது வேலுவும் மணலில் புரளட்டும். அவளும் புருஷன் அர்ஜுனனும் காலை நீட்டிக்கொண்டு வேடிக்கை பார்ப்பார்கள்.

"ஏன், பினாங்குல கடல் இல்லையா?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவளிடம் பதில் தயாராக இருந்தது. "இங்க கடலுக்குப் போனா, சாயங்காலம் வீட்டுக்கு வந்து நான்தான்லா சமைக்கணும்."

அந்த ஆசையில் மண் விழுந்தது இமிகிரேஷன் கவுண்ட்டரில். பிள்ளைகள் இருவரின் பெயரையும் தாயின் பாஸ்போர்ட்டிலேயே எழுதிவிடலாம் என்று கேள்விப்பட்டு, இரண்டு பிறப்புப் பத்திரங்களையும் நீட்டியிருந்தாள். கவுண்ட்டரில் இருந்த சித்தி ஹாஜரா என்ற மலாய்க்காரி நல்ல பெண். வேலுவின் பத்திரத்தைப் பார்த்துச் சிரித்தாள். லோகாவின் பத்திரத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. இதில் தாயின் பெயர் நவமணி என்று இருக்கிறதே, நீங்கள் புஷ்பவள்ளி ஆயிற்றே என்று மலாயில் கேட்டாள். தத்தெடுத்த பத்திரம் ஏதாவது இருக்கிறதா? இல்லை. அப்படியானால் பத்திரத்தில் இருக்கிற தாய் நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். புஷ்பவள்ளி பத்திரங்களைப் பைக்குள் திணித்துக்கொண்டு கிளம்பினாள்.

நவமணி அர்ஜுனனின் அக்கா. கடலுக்கு அக்கரையில், சுங்கை பாக்காப் பக்கத்தில் எஸ்டேட்டில் வேலை. புஷ்பவள்ளிக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் வயிறு திறக்காதிருந்த சமயத்தில் நவமணிக்கு ஐந்தாவதாகப் பிறந்தவள் லோகா. முப்பதாம் நாள் எல்லாரையும் உட்கார வைத்து, கோழித் தீவனக் கடையில் வாங்கி வந்த ஒரு படி தவிட்டை மடியில் வாங்கிக்கொண்டு, பிள்ளையைத் தூக்கித் தம்பி பெண்டாட்டி மடியில் போட்டாள் நவமணி. தவிட்டுக்கு விற்றாயிற்று, இனி அந்தப் பிள்ளை வாங்கியவர்களுடையது. இதற்கு மேல் ரிஜிஸ்தர் என்ன, முத்திரை என்ன? கிளினிக்கிலும் சரி, பாலர் பள்ளியிலும் சரி, அர்ஜுனன் வாயால் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். சர்க்கார் ஃபாரத்தில் தவிட்டுக்கு இடமில்லை என்று அந்தக் குடும்பத்தில் ஒருத்தருக்கும் தோன்றவே இல்லை. படித்தவன் என்று பெயரெடுத்த அர்ஜுனனுக்கும்தான்.

மூன்று வருடம் கழித்து யாரும் எதிர்பார்க்காமல் வேலு பிறந்தான். அன்றைக்குப் பிடித்த பயம் புஷ்பவள்ளியை விடவே இல்லை. உனக்குத்தான் சொந்தமாக ஒன்று பிறந்துவிட்டதே, என்னுடையதைக் கொடு என்று நவமணி எந்த நேரத்திலும் கேட்கலாம். கேட்டால் என்ன பதில் சொல்வது? அதனால் சுங்கை பாக்காப்புக்குப் போவதையே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். மாதம் ஒருமுறை போய்க்கொண்டிருந்தது தீபாவளிக்கு மட்டும் என்று ஆனது. செய்வது தப்பு என்று அவளுக்கே தெரியும். தெரிந்துதான் செய்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அர்ஜுனன் தன் பங்குக்கு ஒரு யோசனை சொன்னான். "இந்த வாட்டி லோகாவ அக்கா வீட்டுல விட்டுட்டுப் போவோமா? நாலு நாள்தான? சின்னவன மட்டும் கூட்டிட்டுப் போலாம்."

"என்ன பேசுறீங்க நீங்க?" அவள் கையிலிருந்த கரண்டியை அடுப்பு மேடையில் போட்ட சத்தத்தில் வேலு அழ ஆரம்பித்தான். "நாலு நாள் அங்க விட்டா அப்புறம் அவ அங்கயேதான். நீங்க போய்த் திருப்பிக் கேப்பீங்களா? உங்க அக்கா முன்னால நீங்க வாயத் திறந்து நான் பாத்ததே இல்ல."

"சரி, அப்ப பயணமே வேணாம். கேன்சல் பண்ணிடுவோம்லா."

அதுவும் ஆகாது. அடுத்த வருடம் முதலாம் வகுப்புக்குப் பதிய வேண்டும். அங்கேயும் இதே பத்திரம், இதே கேள்வி. தள்ளிப்போட்டால் பயம் இன்னும் ஒரு வருடம் கூடவே குடியிருக்கும். "வரச் சொல்லுங்க," என்றாள் கடைசியில்.

எஸ்டேட் கடையில்தான் ஃபோன். அர்ஜுனன் கடைக்காரர் ராமசாமியிடம் தகவல் சொல்லி வைத்தான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டதற்கு, "லோகா விஷயமா பேசணும், வியாழக்கிழமை காலையில ஃபெரி ஜெட்டிக்கு வந்துடச் சொல்லுங்கன்னு சொன்னேன்," என்றான்.

"கையெழுத்துன்னு சொல்லலையா?"

"கடையில பத்துப் பேர் நிக்கிற இடம். பாஸ்போர்ட்டு, பொறப்பு சூராட்டுன்னு எல்லாத்தையுமா அந்த ஆள்கிட்ட சொல்லுவாங்க?"

வியாழக்கிழமை ஃபெரியிலிருந்து இறங்கிய கூட்டத்தில் முதலில் தெரிந்தது நவமணி அல்ல, அவள் தோளில் தொங்கிய பைதான். கையெழுத்துப் போட வருகிறவளுக்கு எதற்கு இத்தனை பெரிய பை? புஷ்பவள்ளி லோகாவின் கையை இறுக்கிப் பிடித்தாள். "வலிக்குதும்மா," என்றாள் பிள்ளை.

நவமணி வழியெல்லாம் பேசவில்லை. தம்பி, "ஆபீசுக்குப் போறோம்க்கா, பேப்பர் வேலை," என்றதற்கு, "ம், போவோம்," என்றதோடு சரி. இமிகிரேஷன் பெஞ்சில் எண் சீட்டோடு உட்கார்ந்ததும் பையைத் திறந்தாள். புதுக் கவுன் மூன்று, பல் துலக்கும் பிரஷ், தலை வாரும் சீப்பு, ஒரு ஜோடிச் செருப்பு. லோகாவைப் பக்கத்தில் இழுத்து, குனிந்து செருப்பைக் காலில் போட்டுப் பார்த்தாள்.

"அளவு சரியா இருக்கா, கண்ணு?"

"சரியா இருக்கு அத்த!"

"அங்க செம்மண்ணு. வெறுங்காலோட நடக்க முடியாது." பிறகு யாரையும் பார்க்காமல், "ஜன்னலோரம் ஒரு கட்டில் போட்டுட்டேன். மத்ததுங்க கீழ படுத்துக்கும்," என்றாள்.

புஷ்பவள்ளி எட்டி லோகாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். கேட்பாள் கேட்பாள் என்று இரண்டு வருடமாகப் பயந்தது வீண். இவள் கேட்கவே போவதில்லை. கட்டில் போட்டு, செருப்பு வாங்கி, கூட்டிக்கொண்டு போகவே வந்திருக்கிறாள். சுற்றிலும் ஜனம். டைப் அடிக்கிற சத்தம். இங்கே கத்தி அழுதால் போலீஸைக் கூப்பிடுவார்களோ என்றுகூட நினைத்தாள்.

"பிள்ளைங்கள வெளிய கூட்டிட்டுப் போங்க," என்றாள் அர்ஜுனனிடம். அவன் தயங்கினான். "போங்கன்னு சொல்றேன்ல!"

அவர்கள் கதவைத் தாண்டியதும் புஷ்பவள்ளி திரும்பினாள். "அண்ணி, நான் தர மாட்டேன்."

"என்ன தர மாட்டே?"

"லோகாவ. நீங்க காலுல விழச் சொன்னா விழறேன். கோர்ட்டுக்குப் போறதா இருந்தாலும் போங்க. ஒரு நாள் பிள்ளையா என்கிட்ட வரல அவ, முப்பது நாள் பிள்ளையா வந்தா. ஆனா மீதி அஞ்சு வருஷமும் என்னோடது. வேலு பொறந்ததனால அவ எனக்குக் கொறஞ்சு போயிடல."

நவமணி அவளை வாய் திறந்தபடி பார்த்தாள். "நீங்க திருப்பிக் குடுக்கத்தானே என்ன வரச் சொன்னீங்க?"

"யார் சொன்னா?"

"பிள்ள விஷயமா பேசணும், வான்னா என்ன அர்த்தம்? இவ்வளவு நாள் இல்லாம? ரெண்டு நாளாச் சோறு இறங்கல எனக்கு. ஆபீசு, பேப்பருன்னு தம்பி சொன்னான். சரி, எழுதி வாங்கிட்டுத்தான் விடுவீங்க போலன்னு நெனச்சேன்." அவள் குரல் உயர்ந்தது, பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "சின்னவன் பொறந்ததுலேருந்து நீ வீட்டுப் பக்கம் வர்றதையே விட்டுட்ட. வந்தாலும் அவள என் மடியில உக்கார விடமாட்ட. சொந்தப் பிள்ள வந்துடுச்சு, இது பாரமாயிடுச்சு, எப்படிச் சொல்றதுன்னு தெரியாம முழிக்கிறீங்கன்னுதான நான் நெனப்பேன்?"

புஷ்பவள்ளிக்கு வெட்கமாக இருந்தது. இரண்டு வருடம் ஒளிந்து திரிந்தது இதற்குத்தானா? பாஸ்போர்ட், கையெழுத்து, சொங்க்லா என்று முன்னும் பின்னுமாக உளறி விஷயத்தைச் சொல்லி முடித்தாள். நவமணி கடைசி வரை கேட்டாள். கவுன்களை ஒவ்வொன்றாக மடித்து மறுபடி பைக்குள் வைத்தாள்.

பயம் விட்டதும் புஷ்பவள்ளி கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டாள். "அப்ப... உங்களுக்கு அவ வேணாமா அண்ணி?"

"வேணாம்னு எவ சொன்னது?" நவமணி சட்டென்று சொன்னாள். "அவளக் குடுத்ததுக்கப்புறம் ஒரு வாரம் மாருல பால் கட்டிகிட்டு நான் பட்ட பாடு உனக்குத் தெரியுமா? உன் வீட்டுக்காரனுக்குத் தெரியுமா? இப்ப திரும்ப வாங்கிட்டுப் போனா, அவ ராவும் பகலும் உன்னத் தேடி அழுவா. அதையும் நான்தான் பாக்கணும். அதுக்கு எனக்குத் தெம்பு கெடையாதும்மா."

புஷ்பவள்ளி இதுவரை தன் பயத்தை மட்டும்தான் எண்ணிப் பார்த்திருந்தாள். ஜன்னலோரம் கட்டில் போட்டபோது நவமணிக்குக் கொஞ்சமாவது சந்தோஷமாக இருந்திருக்குமோ? அதைக் கேட்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.

எண்ணைக் கூப்பிட்டார்கள். இருவரும் எழுந்து போனார்கள். சித்தி ஹாஜரா பத்திரத்தையும் எதிரே நின்ற இரண்டு பெண்களையும் மாறி மாறிப் பார்த்து, "இபு மானா?" என்று கேட்டாள். தாய் எங்கே?

புஷ்பவள்ளி தலையைக் குனிந்துகொண்டாள். நவமணி கவுண்ட்டர் பலகையில் கையை ஊன்றி, பசாரில் பேசிப் பழகிய மலாயில் பதில் சொன்னாள். "சூராட் புன்யா மாக், சாயா. பூடாக் புன்யா மாக், டியா." காகிதத்துக்கு அம்மா நான், பிள்ளைக்கு அம்மா இவள்.

சித்தி ஹாஜரா ஃபாரத்தைத் திருப்பி வைத்து, விரலால் இடத்தைக் காட்டினாள். தத்துக்கு முறைப்படி எழுதிக் கொடுக்க வேறு ஆபீஸ் இருக்கிறது என்றும், அது எந்தத் தெரு என்றும் ஒரு துண்டுத் தாளில் எழுதித் தந்தாள்.

"அங்கயும் இன்னிக்கே போயிடுவோம்," என்றாள் நவமணி. "எத்தன பேப்பர் இருந்தாலும் சரி, எல்லாத்தையும் இன்னிக்கே எடுத்து வைக்கச் சொல்லு. இதுக்குன்னு இன்னொரு தடவ என்னால வர முடியாது."

பேனாவை வாங்கினாள். தாய் என்று அச்சடித்திருந்த இடத்துக்கு நேரே, தோட்டப் பள்ளிக்கூடத்தில் படித்த தமிழில், ஒவ்வோர் எழுத்தாகத் தன் பெயரை எழுதினாள். எழுதி முடித்த பிறகும் பேனா தாளை விட்டு எழவில்லை. பின்னால் வரிசை நீண்டுகொண்டிருந்தது. புஷ்பவள்ளி விரட்டாமல் பக்கத்திலேயே நின்றாள்.