பெயரைப் போடச் சொன்னவள்

முப்பத்தொரு வருடமாக எங்கள் நகராட்சி சகோதர நகரக் குழுவுக்குக் கொடுத்து வந்த ஆதரவு என்னவென்றால், நூலகத்தின் அடித்தளத்தில் ஈரம் கசியும் ஓர் அறை, கைப்பிடி ஆடும் ஒரு காபிப் பாத்திரம், பிறகு வருடத்துக்கு ஒரு பிரகடனம். பிரகடனத்தை மட்டும் குறை சொல்ல முடியாது. தங்க நிற முத்திரை, மேயரின் கையெழுத்து, 'என்பதனால்' என்று முடியும் எட்டுப் பத்திகள். ஏப்ரல் மாதக் கூட்டத்தில் அதை வாசிப்பார்கள். குழுவில் இருக்கும் நாங்கள் பதினோரு கிழடுகளும் வரிசையாக நின்று படம் எடுத்துக்கொள்வோம்.

எங்கள் ஊர் உறவு கொண்டாடும் சகோதர நகரம் சான் ஹசிந்தோ. மத்திய அமெரிக்காவில் காப்பி விளையும் மலையூர். நாங்கள் மருந்து, பழைய ஆஸ்பத்திரிக் கட்டில், மூக்குக் கண்ணாடி, தையல் இயந்திரம் அனுப்புவோம். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அங்கிருந்து நாலு பேர் வந்து எங்கள் வீடுகளில் தங்குவார்கள். அமெரிக்காவின் வடக்கே எங்கள் விஸ்கான்சின் மாநிலத்துப் பனியைப் பார்த்துவிட்டு, இங்கே மனிதர்கள் எப்படி உயிரோடு இருக்கிறார்கள் என்று கேட்பார்கள்.

எனக்கு ஒரு குறை இருந்தது. பிரகடனத்தில் எங்கள் பதினோரு பேர் பெயரும் வரும். அவர்கள் மட்டும் 'அங்குள்ள நண்பர்கள்'. மூன்று வருடத்துக்கு முன் மேயர் கர்ட்டைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏன் கர்ட், உன் பேரு மட்டும் மூணு எடத்துல வருது. அவங்கள பேரு வைக்காமலா பெத்தாங்க?"

பல் வைத்தியரிடம் நான் வேலை பார்த்த காலத்தில், ஊசியைப் பார்த்துக் கத்திய கர்ட்டின் கையைப் பிடித்துக்கொண்டவள் நான். அதனால் அவன் என்னிடம் குரலை உயர்த்த மாட்டான். "சரி ஆர்லீன், லிஸ்ட்டக் குடு. போட்டுத் தொலைக்கிறேன்" என்றான்.

சான் ஹசிந்தோவில் எர்மெலிண்டாவைக் கூப்பிட்டேன். அங்கே மருந்தகத்தின் நர்ஸ். ஆறு குளிர்காலம் என் வீட்டு சோபாவில் தூங்கியவள். என் உடைந்த ஸ்பானிஷைக் கேட்டுச் சிரிக்காதவள் அவள் ஒருத்திதான். விஷயத்தைச் சொன்னேன்.

"பேரெல்லாம் எதுக்கு ஆர்லீன்? நாங்க இருக்கோம்னு உனக்குத் தெரியும். அது போதாதா?"

"போதாது. இது உங்களுக்கு ஒரு மரியாதை."

"உங்க ஊர்ல அது மரியாதை" என்று சிரித்தாள். "சரி, உன் இஷ்டம்."

அதை அடக்கம் என்று நினைத்துக்கொண்டேன். அறுபத்தெட்டு வயதுக்காரி, எனக்கு ஒரு பெண் பயப்படுவது காதில் விழவில்லை. ஏழு பெயர்கள், பக்கத்திலேயே அவரவர் வேலை. நகராட்சியின் இணையப் பக்கத்தில் படத்தோடு வந்தது. ஊரே கைதட்டியது.

ஏழு மாதத்தில் அவர்கள் நாட்டில் ஒரு சட்டம் வந்தது. வெளிநாட்டாரோடு சேர்ந்து வேலை செய்கிறவர்கள் வெளிநாட்டின் கையாட்கள் என்றார்கள். மருந்தகத்துக்கு வந்த போலீஸ்காரன் கையில் எங்கள் பிரகடனத்தின் வண்ணப் பிரதி இருந்ததாம், தங்க முத்திரையோடு. ஆறு பேர் இனிமேல் எங்களோடு பேச்சு வார்த்தை இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். நல்லவேளை போனார்கள். எர்மெலிண்டா எழுதிக் கொடுக்கவில்லை. பதினாலு மாதம் சிறை. போன பிப்ரவரியில் செத்துப்போனாள். இருதயம் என்றார்கள். சவப்பெட்டியைத் திறக்க விடவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே வாய் என்னுடையது, கெட்டவள் அவள்.

மார்ச்சில் ஒரு நாள், மில்வாக்கியில் சமையல்காரனாக இருக்கும் அவள் அக்கா மகன் ரோக்கே இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் என் சமையலறையில் நின்றபடி, எர்மெலிண்டாவின் மகள் யாரித்சா சொல்லியனுப்பியதை மனப்பாடமாக ஒப்பித்தான்.

"அம்மா பேரையோ என் பேரையோ எங்கயும் போடாதீங்க. உங்க ஊர் வெப்சைட்டுல எங்களப் பத்தி ஒண்ணு வந்தா, மறுநாளே இங்க கதவத் தட்டுறாங்க. பாப்பாவத் தூக்கிட்டு எல்லை தாண்டப் போறேன். நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க." பிறகு தன் பங்குக்குச் சேர்த்தான்: "யார்கிட்டயும்னா, யார்கிட்டயும் ஆன்ட்டி."

அதே வாரம் எங்கள் செயலாளர் டெல்மர் இந்த வருடப் பிரகடனத்தை எழுதி எடுத்து வந்தான். மாட்டு வைத்தியனாக இருந்து ஓய்வு பெற்றவன். எர்மெலிண்டாவுக்காக உண்மையிலேயே அழுதவன். ஆற்றின் மேல் கட்டிய புது நடைபாலத்துக்கு நகராட்சி அவள் பெயரை வைக்கப் போகிறதாம். முப்பத்தொரு வருடம் ஒழுகும் சுவரைப் பூசித் தராதவர்கள்! கடைசிப் பத்தியில் 'தாயின் பணியைத் துணிவோடு தொடரும் மகள் யாரித்சா' என்று இருந்தது.

"டெல்மர், இது வேணாம்."

"ஏன்?"

"வேணாம்னா வேணாம்."

"சத்தம் போட்டாத்தான் அவனுங்க பயப்படுவானுங்க. நாம வாய மூடிக்கிட்டா இன்னும் நாலு பேரக் கொல்லுவானுங்க" என்று காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "கூட்டத்துல நானே வாசிக்கிறேன்."

அவனிடம் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் டெல்மர் வாயில் எதுவும் தங்காது. எவன் மாடு சினை என்று மாட்டுக்காரனுக்கு முன்னால் சர்ச்சுக்குத் தெரியும். அதைவிட, தாய் மெதுவாகச் சொன்னதை நான் கேட்கவில்லை. மகள் சொன்னதையாவது எழுத்துப் பிசகாமல் கேட்க நினைத்தேன்.

இணையத்தில் இருந்த பழைய பிரகடனத்தையாவது எடுத்துவிடச் சொல்லி நகராட்சி எழுத்தர் மார்னியிடம் போனேன். "அது பொது ஆவணம் ஆர்லீன். ஏத்துனா ஏத்துனதுதான், எறக்க முடியாது" என்று ஒரு புதினா மிட்டாய் கொடுத்தாள்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம். பொதுமக்கள் பேச ஆளுக்கு மூன்று நிமிடம். எதிரே கேமரா. உலகத்தில் எந்தப் போலீஸ்காரனும் உட்கார்ந்த இடத்தில் பார்க்கலாம். டெல்மருக்கு முன்னால் நான் எழுந்தேன்.

"நான் இந்தக் குழுவோட தலைவி. குழுவக் கலைக்கச் சொல்றேன். பாலத்துக்கு வேற பேரு வைங்க."

"ஆர்லீன், உனக்கு உடம்பு சரியில்லையா?" என்றான் கர்ட்.

டெல்மர் எழுந்தேவிட்டான். "செத்தவ நம்ம எர்மெலிண்டா! அவ பொண்ணு அங்க உயிரக் குடுத்து..."

மகளின் பெயரை அவன் வாயில் வரவிடாமல் நான் கத்தினேன். "அவ நமக்கு யாரும் இல்ல! மருந்துக்காக வந்தா, வாங்கிட்டுப் போனா. அனுப்புனதுல பாதி எங்க போச்சுன்னு கேட்டதுக்கு என்கிட்ட சண்ட போட்டா. அவ பொண்ணுக்கு நம்மளக் கண்டாலே ஆகாது. ஒரு லெட்டர் போட்டதில்ல. நமக்கும் அந்தக் குடும்பத்துக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. இத எழுதிக்கோ மார்னி."

மார்னி எழுதிக்கொண்டாள். என் தோழியைத் திருடி என்று சொல்லிவிட்டு நின்றேன். நகராட்சி உறுப்பினர்கள் நாலுக்கு மூன்று என்று வாக்களித்துக் குழுவைக் கலைத்தார்கள்; பிரகடனமும் பாலத்தின் பெயரும் அதோடு போயின.

வெளியே டெல்மர் என் வண்டிக் கதவைப் பிடித்தான். "உன் சோபாவுல தூங்குனவ ஆர்லீன். நீ செத்தா உன்னப் பத்தி நான் இப்படிப் பேச மாட்டேன்." அதற்கப்புறம் ஊர் கூடும் வெள்ளிக்கிழமை மீன் விருந்தில் என் மேசையில் யாரும் உட்காருவதில்லை. அதைப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுத்துக்கொண்டேன்.

ஜூனில் ரோக்கே கூப்பிட்டான். "தாண்டிட்டாங்க ஆன்ட்டி. ரெண்டு பேரும்." போனை வைத்துவிட்டு அந்த சோபாவில் உட்கார்ந்து அழுதேன்.

செப்டம்பரில் மறுபடி கூப்பிட்டான். பக்கத்து நாட்டில் யாரித்சா அடைக்கலம் கேட்டிருந்தாள். எங்கள் விஸ்கான்சின் ஊரோடு இருந்த உறவால்தான் தன் உயிருக்கு ஆபத்து என்று சொல்லியிருந்தாள். அதிகாரி எங்கள் நகராட்சியின் இணையப் பக்கத்தில் தேடியிருக்கிறார். ஏப்ரல் கூட்டக் குறிப்பு அகப்பட்டிருக்கிறது. குழுவின் தலைவியே அந்தக் குடும்பத்தோடு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை என்று சொல்லியிருக்கிறாரே என்று கேட்டிருக்கிறார். மனு தள்ளுபடி. மேல்முறையீட்டுக்கு முப்பது நாள். அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அந்தக் குறிப்பை எடுத்துவிடச் சொல்லி மார்னியிடம் ஓடினேன். ஓடி என்ன? அவள் போன தடவை சொன்னதையே சொன்னாள். இந்தத் தடவை மிட்டாய் கொடுக்கவில்லை.

சத்தியக் கடிதம் எழுதினேன். நான் சொன்னது பொய், எர்மெலிண்டா என் தோழி, எங்கள் மருந்தில் ஒரு மாத்திரை வீணாக்காதவள். பெயர்களை முழுசாகப் போட வேண்டும் என்று அங்கே யாரித்சாவுக்காக வாதாடும் வக்கீல் சொல்லியிருந்தார். தாய் பெயர், மகள் பெயர், பேத்தி பெயர் எல்லாம் போட்டேன். கர்ட் ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டான். மார்னி தங்க முத்திரையை அழுத்தினாள்.

நேற்று அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. இரண்டு ஆவணமும் ஒரே நகராட்சியின் முத்திரையோடு, ஒரே பெண்மணியின் வாக்குமூலமாக இருக்கின்றன. இரண்டில் எதை நம்ப வேண்டும் என்று கேட்டிருக்கிறார்.